சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகும் ஆறு ஏன் கறுப்பாகவே ஓடுகிறது?

கேள்வி இதுதான். சென்னைக்கு மேற்கே ஆற்றங்கரையில் ஒரு சின்ன நகராட்சி, ஐம்பதாயிரம் பேர் இருப்பார்கள். பாதாளச் சாக்கடை போட்டு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் கட்டித் திறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆற்றில் ஒரு மாற்றமும் இல்லை, அதே கறுப்பு, அதே நாற்றம். நிலையம் ஓடவே இல்லையா, ஓட்டுவதாகக் கணக்குக் காட்டுகிறார்களா, இல்லை வேறு ஏதாவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஆற்றோரம் இருக்கும் அம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்றும்.

சென்னையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் பல வருடமாக இந்த வேலையில்தான் இருக்கிறேன், அதனால் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் முதல் சந்தேகம் நிலையத்தின் மேல்தான் வரும். நான் பார்த்த வரையில் அது பெரும்பாலும் இரண்டாவது காரணம். ஊர்ச் சாக்கடையில் பெரும்பகுதி அந்த நிலையத்துக்குப் போய்ச் சேருவதே இல்லை. போய்ச் சேர்ந்ததைச் சுத்தம் செய்து வெளியே விட்டாலும், அதை வாங்கிக் கலந்துகொள்ள ஆற்றில் சொந்தமாகத் தண்ணீர் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் சாக்கடையாகத் திரும்பும், இதுதான் வழக்கமான வடிவமைப்புக் கணக்கு. ஐம்பதாயிரம் பேருக்கு நாளைக்கு 54 லட்சம் லிட்டர், அதாவது 5.4 எம்.எல்.டி. (ஒரு எம்.எல்.டி. என்றால் நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர்). வீட்டுச் சாக்கடையில் பி.ஓ.டி. லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.ஓ.டி. என்பது வேறொன்றும் இல்லை, அந்த அழுக்கைத் தின்று தீர்க்கக் கிருமிகள் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும் என்ற அளவு. ஆக ஊர் முழுவதும் சேர்த்து நாளைக்கு 1,350 கிலோ. இப்போது நிலையம் பிரமாதமாக ஓடுகிறது, வெளியே விடும் தண்ணீரில் பி.ஓ.டி. வெறும் 10 என்றே இருக்கட்டும், ஆனால் பாதி வீடுகளுக்குத்தான் இணைப்பு. சுத்தமாகி வரும் பாதியில் 27 கிலோ, சுத்தமாகாமல் நேராகப் போகும் பாதியில் 675 கிலோ, மொத்தம் 702 ஆற்றுக்குள் இறங்குகிறது. இன்னொரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நிலையம் சுமார்தான், 30-க்குமேல் இறக்க முடியவில்லை, ஆனால் 90 சதவீத வீடுகள் இணைந்திருக்கின்றன. அந்த ஊரின் ஆற்றுக்குப் போவது 281 கிலோ. செப்டிக் டேங்க் வழியாக வரும் தண்ணீரில் கொஞ்சம் குறைந்திருக்கும் என்பதால் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது, ஆனால் எது பெரிது எது சிறிது என்பது மாறாது. பல கோடி போட்டு இன்னும் நவீனமான நிலையம் கட்டுவதைவிட இன்னும் இரண்டாயிரம் வீடுகளுக்கு இணைப்புக் கொடுப்பது ஆற்றுக்கு அதிக நல்லது. திறப்பு விழா நடத்த இணைப்பில் வாய்ப்பில்லை, அதுதான் பிரச்சினை.

உங்கள் ஊரில் எவ்வளவு இணைந்திருக்கிறது என்று யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். மே மாதம், மழை பெய்து ஒரு மாதமாவது ஆன பிறகு, ஆற்றங்கரையில் காலை ஏழு மணிக்கு ஒரு நடை போங்கள். மழைநீர் வடிகால் வந்து ஆற்றில் விழும் இடம் ஒவ்வொன்றையும் பாருங்கள். மழை இல்லாத மே மாதத்தில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடுகிறது என்றால் அது யார் வீட்டுத் தண்ணீர் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. சோப்பு நுரையோடு சாம்பல் நிறத்தில் வந்தால் குளியலறையும் சமையலறையும், கறுப்பாக முட்டை அழுகிய நாற்றத்தோடு வந்தால் செப்டிக் டேங்க் வழிந்தது. போனில் படம் எடுத்து, எந்தத் தெரு வடிகால் என்று குறித்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கூட அறிக்கையைவிட இந்தப் படங்களுக்கு வார்டு கவுன்சிலரிடம் மதிப்பு அதிகம்.

மக்கள் ஏன் இணைப்பு வாங்குவதில்லை என்று கேட்டால் அதிகாரிகள் விழிப்புணர்வு இல்லை என்பார்கள். அது பாதிகூட உண்மையில்லை. டெபாசிட் கட்ட வேண்டும், அது ஒன்று. பழைய வீடுகளில் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கும், குழாய் போட்டிருப்பதோ வாசல் பக்கத் தெருவில். வீடு முழுக்கத் தரையை உடைத்துக் குழாய் கொண்டுவர வேண்டும், போன வருடம்தான் டைல்ஸ் போட்டோம் என்பார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது? அதைவிட மோசம் தெருவின் உயரம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டு, வீட்டு வாசற்படி தெருவைவிட ஓரடி ஒன்றரை அடி பள்ளத்தில் இருக்கும். கழிவுநீர் தானாகச் சரிந்து போக வேண்டும், மேட்டை நோக்கி அது போகாது. வீட்டெதிரே மேன்ஹோல் ஆழமாக இருந்தால் தப்பித்தோம், கிளைக்குழாயின் தொடக்கத்தில் மேன்ஹோல் ஆழம் குறைவாகத்தான் இருக்கும், அங்கே இருக்கும் வீட்டுக்காரர் இணைப்பு வாங்கினால் மழைக்காலத்தில் சாக்கடை அவர் வீட்டுக்குள்தான் வரும். அவர் வேண்டாம் என்பதை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

இணைப்புக் குறைவாக இருந்தால் குழாயும் கெடும். கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது போனால்தான் அடியில் மண்ணும் மலமும் தங்காமல் அடித்துக்கொண்டு போகும். முப்பது வருடத்துக்குப் பிறகு வரப்போகும் மக்கள்தொகைக்குக் குழாய் போடுகிறோம், இன்றைக்கு இணைந்திருப்பது கால்வாசி வீடு. தண்ணீர் மெல்ல ஊர்ந்து போகிறது, அடியில் கசடு தங்குகிறது, அழுகுகிறது, ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்புகிறது. அடைப்பு எடுக்க ஆளை இறக்கினால் உயிர் போவது இந்த வாயுவால்தான். 2013-ஆம் வருடச் சட்டம் பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் ஆளை இறக்குவதைத் தடை செய்திருக்கிறது, அப்படிச் செத்தால் இழப்பீடு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உயர்த்தியது. உங்கள் வீட்டில் அடைப்பு எடுக்க யாராவது மூங்கில் கழியோடு வந்து உள்ளே இறங்கட்டுமா என்றால், கூடாது என்று சொல்லி மெஷின் வரும்வரை காத்திருங்கள்.

சரி, நிலையத்துக்குள் போவோம்.

சின்ன ஊர் நிலையம் என்றால் முதலில் சல்லடை, அப்புறம் மணல் பிரிக்கும் தொட்டி, அப்புறம் காற்று ஊதும் தொட்டி. சல்லடையில் வந்து மாட்டுவதைப் பார்த்தால் ஊரையே தெரிந்துகொள்ளலாம்: ஷாம்பு பாக்கெட், பால் கவர், தேங்காய் நார், தலைமுடிக் கற்றை, நாப்கின், பூஜைப் பூ. முகூர்த்த நாள் வந்தால் மண்டபங்களிலிருந்து சாம்பார் எண்ணெயும் வாழையிலைக் கிழிசலும் வந்து மேலே ஒரு மஞ்சள் படலம் கட்டும். காற்றுத் தொட்டியில் வேலை செய்வது கிருமிகள், நாம் ஆக்சிஜன் கொடுக்கிறோம், அவை அழுக்கைத் தின்கின்றன. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் காட்டிய முறைதான் இன்னமும் அடிப்படை, பெயர்கள்தான் மாறிக்கொண்டே இருக்கின்றன.

இந்தத் தொட்டி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு லிட்டர் கண்ணாடி உருளை போதும். தொட்டியிலிருந்து காப்பிப்பொடி நிறத்தில் கலங்கிய தண்ணீரை மொண்டு ஊற்றி அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். நல்ல தொட்டி என்றால் ஐந்து நிமிடத்திலேயே பஞ்சுப் பஞ்சாகத் திரண்டு இறங்க ஆரம்பிக்கும், அரை மணி நேரத்தில் கீழே கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு அளவில் பழுப்புக் கசடு, மேலே கையெழுத்துப் படிக்கிற அளவுக்குத் தெளிவான தண்ணீர். கசடு இறங்காமல் எண்ணூறு மில்லியிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் கிருமிக் கூட்டம் கெட்டிருக்கிறது. இறங்கிய கசடு ஒரு மணி நேரம் கழித்துக் கட்டி கட்டியாக மேலே மிதந்து வந்தால் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கறுப்பாக இருந்தால் காற்று ஊதும் இயந்திரமான ப்ளோவரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஏன் நிறுத்துகிறார்கள்? கரண்ட் பில். நிலையத்தின் மாதச் செலவில் பெரிய பங்கு ப்ளோவருக்குத்தான் போகும். ஒப்பந்தக்காரர் மொத்தத் தொகை ஒன்றுக்கு ஓட்ட ஒப்புக்கொண்டிருந்தால், அவர் மிச்சம் பிடிக்கக்கூடிய ஒரே இடம் அது. ஒரு ஊரில் நான் கணக்கைப் பார்த்தபோது நாள் முழுவதும் ப்ளோவர் ஓடியதாகப் பதிவேடு சொன்னது, மின்சார மீட்டர் சொன்னது பாதிக்கும் கீழே. அந்த ஊர்ப் பெயர் வேண்டாம். பதிவேட்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், மீட்டரைத் திருத்துவது கஷ்டம். அதனால்தான் யார் கேட்டாலும் நான் சொல்வது, பரிசோதனை அறிக்கை கேட்காதீர்கள், பன்னிரண்டு மாத கரண்ட் பில் கேளுங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டினால் கிடைக்கும்.

பி.ஓ.டி. வரம்புக்குள் இருக்கிறது, ஆனாலும் ஆறு நாறுகிறது என்றால் அம்மோனியாவைச் சந்தேகப்படுங்கள். சிறுநீரில் இருந்து வரும் நைட்ரஜன்தான் இது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் கிருமிகள் மெதுவாக வளர்பவை, காற்றைக் குறைத்தால் முதலில் சாவதும் அவைதான். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் 4.57 கிராம் ஆக்சிஜனை இழுக்கும். வெளியே விடும் தண்ணீரில் 20 மில்லிகிராம் இருந்தால், ஆற்றில் போய் 90 மில்லிகிராம் ஆக்சிஜனுக்கு உரிமை கொண்டாடும். 2015-இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவில் அம்மோனியாவுக்கும் மொத்த நைட்ரஜனுக்கும் வரம்பு இருந்தது. 2017-இல் இறுதி அறிவிப்பு வந்தபோது இரண்டையும் எடுத்துவிட்டார்கள், பி.ஓ.டி. வரம்பையும் 10-லிருந்து தளர்த்திப் பெருநகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 30 என்று ஆக்கினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் அதைத் திரும்பவும் 10-க்கு இறுக்கச் சொன்னது. ஆனால் இதில் சின்ன ஊருக்கு 30 போதும் என்ற எண்ணம்தான் எனக்கு விளங்கவே இல்லை. சின்ன ஊர்களுக்குத்தான் பக்கத்தில் பெரும்பாலும் சின்ன ஆறு இருக்கும்.

ஆற்றுக்கு வருவோம், இங்கேதான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

இந்த மாதிரி வரம்புகளின் பழைய மூலம் இங்கிலாந்து. 1912-இல் அங்கே ஒரு அரசு ஆணையம் பி.ஓ.டி. 20, மிதக்கும் திடப்பொருள் 30 என்று வைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது: ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு சுத்தமான தண்ணீர் ஓட வேண்டும். எட்டுப் பங்கு நல்ல தண்ணீரில் ஒரு பங்கு இதைக் கலந்தால் 4-க்குள் நிற்கும், ஆறு தாங்கும். நாம் எண்ணை எடுத்துக்கொண்டோம், நிபந்தனையை விட்டுவிட்டோம். மார்ச் முதல் செப்டம்பர் வரை கூவத்திலோ அடையாற்றிலோ எந்த எட்டு மடங்கு? கூவத்துக்கு மேலே கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றுத் தண்ணீரைத் திருப்பிவிடுவதுகூட நல்ல மழை வருடத்தில்தான். அடையாற்றுக்குச் செம்பரம்பாக்கம் உபரி வருவது ஏரி நிரம்பினால் மட்டும். 2015 டிசம்பரில் அந்த ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம், ஆறு மாதம் முன்னால் அதே ஆற்றில் என்ன ஓடியது என்று யாரும் பார்க்கவில்லை. கோடையில் ஆற்றில் ஓடுவது முழுக்க நாம் விட்டதுதான். குளிக்கத் தகுந்த ஆறு என்றால் பி.ஓ.டி. 3-க்குள்ளும் கரைந்த ஆக்சிஜன் 5-க்கு மேலும் இருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்கிறது. 30-இல் விட்ட தண்ணீர் மட்டுமே ஓடும் ஆற்றில் 3 எங்கிருந்து வரும்?

வெயிலும் சேர்ந்துகொள்கிறது. பத்து டிகிரி குளிர்ந்த தண்ணீர் லிட்டருக்குப் பதினொரு மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைத்துக்கொள்ளும், நம் ஊர் முப்பது டிகிரித் தண்ணீர் ஏழரைதான் பிடிக்கும். அதே சமயம் வெதுவெதுப்பில் கிருமிகள் வேகமாகத் தின்னும். வரவு குறைவு, செலவு அதிகம். (இங்கிலாந்தில் பி.ஓ.டி. சோதனை 20 டிகிரியில் ஐந்து நாள், நாம் 27 டிகிரியில் மூன்று நாள் செய்கிறோம், இதே காரணம்.) ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறு வகைக் கிருமிகள் தண்ணீரில் இருக்கும் சல்ஃபேட்டை எடுத்துச் சல்ஃபைடாக மாற்றுகின்றன. அதில் ஒரு பகுதி வாயுவாக மூக்குக்கு வருகிறது, இன்னொரு பகுதி மண்ணில் இருக்கும் இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. நீங்கள் கேட்ட கறுப்புக்கு விடை அது. அடியில் வருடக்கணக்காகச் சேர்ந்த அந்தக் கறுப்புச் சேறு இருக்கும்வரை, நாளைக்கே ஒரு சொட்டுச் சாக்கடை விடாவிட்டாலும் நிறம் உடனே மாறாது, அது தனியாக ஆக்சிஜன் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சென்னைக்குள் வந்தால் முகத்துவாரம் வேறு மணல் மூடிக்கொள்கிறது. கடலோர மணல் ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகிறது, ஆற்றில் தள்ளும் வேகம் இல்லாததால் வாயை அடைக்கிறது, அடைந்தால் ஏற்றத்தில் கடல் தண்ணீர் உள்ளே வந்து கழுவிவிட்டுப் போவது நிற்கிறது. முதல் மழை பெய்து வடிகால்களில் தேங்கிய கசடெல்லாம் மொத்தமாக ஆற்றில் இறங்கும்போது மீன் செத்து மிதப்பது இதனால்தான். அந்தச் சமயத்தில் யாராவது ரசாயனம் கலந்துவிட்டார்கள் என்று பேச்சு வரும், பெரும்பாலும் மூச்சுமுட்டித்தான் செத்திருக்கும்.

அப்படியென்றால் என்ன செய்வது? எனக்குத் தெரிந்து வரிசை இப்படி. இணைக்க முடிகிற வீடுகளை இணைப்பது, டெபாசிட்டைத் தவணையாகத் தண்ணீர் வரியோடு வாங்கிக்கொண்டு நகராட்சியே வாசல்வரை குழாய் போட்டுக் கொடுப்பது. பள்ளத்தில் இருக்கும் வீடுகளை, கடைசிச் சந்துகளை, வற்புறுத்தி இணைக்க வேண்டாம். அவர்களின் செப்டிக் டேங்கை ஒழுங்காகக் கட்டச் சொல்லி இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரியில் எடுத்தால் போதும், ஆனால் எடுத்த கசடு இரவோடு இரவாக ஏரியில் கொட்டப்படாமல் நிலையத்துக்குப் போக வேண்டும். மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழியில் 2017-இல் இதற்கென்றே தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் திறந்தார்கள், லாரிகள் வந்து கொட்டும், உலர்த்தும் படுகையில் காயும், வடியும் தண்ணீரைத் தனியாகச் சுத்தம் செய்வார்கள். பெரிய தொழில்நுட்பம் இல்லை, ஒரு பேரூராட்சியால் நடத்த முடிகிற விஷயம். செப்டிக் டேங்க் என்ற பெயரில் அடியில் சிமென்ட் போடாமல் நாலு உறை இறக்கி வைத்திருப்பது நம் ஊரில் சகஜம், அதில் எடுக்கக் கசடே இருக்காது, எல்லாம் நிலத்துக்குள் போயிருக்கும். அதை உங்கள் கிணறு பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

நிலத்துக்கு விலை இல்லாத ஊராக இருந்தால் கரண்டே இல்லாத நிலைப்படுத்தும் குட்டைகளை, அதாவது சாக்கடையை நாள்கணக்கில் தேக்கி வெயிலிலும் கிருமிகளாலும் தானாகச் சுத்தமாக விடும் அகலக் குட்டைகளை, சிபாரிசு செய்வேன். சென்னைப் பக்கம் அது நடக்காது.

சுத்திகரித்த தண்ணீரை ஆற்றில் விட்டே ஆக வேண்டும் என்றும் இல்லை. சென்னைக் குடிநீர் வாரியம் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 45 எம்.எல்.டி. அளவுக்கு எதிர்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வரை சுத்தம் செய்து, ஒன்றிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுக்கும் மற்றொன்றிலிருந்து மணலிக்கும் 2019 முதல் விற்கிறது. மணலி ஆலைகள் அதற்கு வெகு முன்பே, தொண்ணூறுகளிலேயே, நகரச் சாக்கடையை வாங்கித் தாங்களே சுத்தம் செய்து பயன்படுத்தியவை. 5 எம்.எல்.டி. ஊருக்கு அவ்வளவு தேவையில்லை, பக்கத்தில் ஒரு சிப்காட் இருந்தால் தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் அவர்கள் வாங்கிக்கொள்வார்கள், வரும் காசில் ப்ளோவர் ஓடும். ஆனால் எல்லாவற்றையும் விற்றுவிட்டால் கோடையில் ஆற்றில் ஒன்றுமே ஓடாது. எனக்கு இதில் முடிவான கருத்து இல்லை, நன்றாகச் சுத்தமான தண்ணீர் கொஞ்சமாவது ஆற்றில் ஓடுவது நல்லது என்று தோன்றுகிறது, காய்ந்த ஆற்றில் குப்பைதான் கொட்டுவார்கள்.

உங்கள் அம்மா வீட்டுக் கிணறு. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, நாற்றம் இல்லை, அதனால் குடிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். மூன்று பரிசோதனை செய்யுங்கள்: ஈ.கோலை (மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமி), நைட்ரேட், மொத்த உப்பு. 100 மில்லியில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது, நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இது குடிநீருக்கான இந்திய தர வரம்பு. ஆற்றைவிட, பக்கத்து வீட்டு உறை செப்டிக் டேங்க் எத்தனை அடியில் இருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது, பத்துப் பதினைந்து அடியில் இருந்தால் பரிசோதனைக்கு முன்பே விடை தெரிந்த மாதிரிதான். கொதிக்க வைத்துக் குடிப்போம் என்பார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் அப்படியே இருக்கும், தண்ணீர் ஆவியாகப் போவதால் கொஞ்சம் கூடவே செய்யும். வீட்டில் பால்பவுடர் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால் அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம், லாரித் தண்ணீரோ கேனோ வாங்கிக்கொள்ளுங்கள். குளிக்க, துவைக்க, செடிக்கு ஊற்றத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.